இல்லத்திற்கேற்ற கம்பளம்: இயற்கை இழையா, செயற்கை இழையா?

கம்பளம் வாங்கச் செல்வோர் பெரும்பாலும் முதலில் நிறத்தையும், அடுத்துப் பூவேலையையும், இறுதியில் விலையையும் பார்க்கின்றனர். அது எந்த இழையாலானது என்னும் வினாவை எழுப்புவோர் சிலரே. எழுப்பினாலும், கடைக்காரர் கூறும் விடையைச் சோதித்தறியும் வழி அவர்களுக்குத் தெரிவதில்லை. ஆனால் அக்கம்பளம் எத்தனை ஆண்டுகள் உழைக்கும், மழைக்காலத்தில் வாடை வீசுமா, அதன்மேல் தவழும் குழந்தைக்கு ஊறு விளையுமா, ஊதுவத்தியின் பொறி விழுந்தால் என்ன நேரும் என்பனவெல்லாம் நிறத்தைப் பொறுத்தனவல்ல. இழையைப் பொறுத்தனவே ஆகும். பல மாதச் சேமிப்பை ஒரே பொருளில் இடும் குடும்பம், அப்பொருளின் இயல்பை ஓரளவேனும் அறிந்திருத்தல் அவசியம்.

கம்பள இழைகளை அவை தோன்றும் இடத்தைக் கொண்டு வகுத்து அறியலாம். ஆட்டு உரோமமும் பட்டும் பிராணிகளிடமிருந்து கிடைப்பவை, இரண்டும் புரதங்கள். பருத்தி, சணல், தென்னை நார், கற்றாழை நார் ஆகியவை தாவரங்கள் தருபவை. இவற்றின் அடிப்படைப் பொருள் செல்லுலோஸ். நைலான், பாலியெஸ்டர், பாலிபுரோப்பிலீன் ஆகியவையோ, பெட்ரோலியத்திலிருந்து பெறும் இரசாயனப் பொருள்களை நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளாக இணைத்து, உருக்கி, நுண்துளைகளின் வழியே பிழிந்து எடுக்கப்படுபவை. நைலானை 1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வாலஸ் கரோத்தர்ஸ் உருவாக்கினார். பாலியெஸ்டர் இழை 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவரால் கண்டறியப்பட்டது. ஒழுங்கான அமைப்புடைய பாலிபுரோப்பிலீனை 1954-இல் இத்தாலியில் ஜூலியோ நாட்டா பெற்றார். உயர் பாலிமர்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1963-இல் கார்ல் சீக்ளருடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கும் இயந்திரக் கம்பளங்களில் பல இக்கடைசி இழையாலானவை.

ஈரமும் இழையும்

இவ்விழைகளின் குண வேறுபாடுகளை விளக்க ஒரே ஒரு பண்பைத் தெரிவு செய்ய வேண்டுமாயின், காற்றிலுள்ள ஈரத்தை அவை ஏற்கும் அளவையே குறிப்பிட வேண்டும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 65 சதவிகிதமாக இருக்கும்போது, நன்கு உலர்ந்த 100 கிராம் ஆட்டு உரோமம் ஏறத்தாழ 16 கிராம் நீரைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். சணல் ஏறத்தாழ 14 கிராமும், பட்டு 11 கிராமும், பருத்தி 8 கிராமும் ஏற்கும். நைலான் ஏற்பது சுமார் 4 கிராம்; பாலியெஸ்டர் அரை கிராமுக்கும் குறைவு; பாலிபுரோப்பிலீன் அநேகமாக ஒன்றுமேயில்லை. இந்த எண்களை மனத்திற்கொண்டால், கம்பளங்களைப் பற்றி நாம் காணும் பல செய்திகளுக்குக் காரணம் விளங்கும்.

உரோமத்தின் மேற்பரப்பு மீன் செதில்களைப்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட நுண்ணிய செதில்களால் மூடப்பட்டுள்ளது. இச்செதில்கள் நீர்த்துளியை எளிதில் உள்ளே விடுவதில்லை. ஆயினும் நீராவியைத் தாராளமாக அனுமதிக்கின்றன. ஆகவே, கம்பளிக் கம்பளத்தின்மேல் சிந்திய காப்பி சிறிது நேரம் முத்துப்போல் நிற்கிறது. அதே கம்பளம் அறையின் ஈரத்தைச் சத்தமின்றி உறிஞ்சிக்கொண்டும், காற்று வறண்டபோது திருப்பித் தந்துகொண்டும் இருக்கிறது. இவ்வாறு நீராவியை ஏற்கும்போது உரோமம் சிறிதளவு உஷ்ணத்தை வெளியிடுகிறது என்பதும், தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நீரை ஏற்ற பின்னரும் அது கைக்கு நனைந்ததாகத் தோன்றுவதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கன. குளிர்நாட்டு மக்கள் கம்பளியை விரும்புவதற்கு அதன் சுருளமைப்பில் தங்கும் காற்று மட்டுமன்று, இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு சிறப்பு அதன் மீள்தன்மை. உரோமத்தின் புரதமாகிய கெரட்டினில், சங்கிலி மூலக்கூறுகளைக் கந்தக அணுக்கள் குறுக்கே பிணைக்கின்றன. மிதிபட்டு வளைந்த இழை, இப்பிணைப்புகளால் ஓரளவு தன் பழைய நிலைக்கு நிமிர்கிறது. ஆனால் எல்லா உரோமமும் கம்பளத்திற்கு ஆகாது. மெல்லாடைகளுக்குப் புகழ்பெற்ற மெரினோ உரோமம் சுமார் 20 மைக்ரான் தடிப்பே உடையது. காலடியில் அது படிந்துவிடும். கம்பளத்திற்கு வேண்டியது 30 மைக்ரானுக்கு மேற்பட்ட முரட்டு உரோமம். ஆடைக்குத் தகாது என்று ஒதுக்கப்படும் பொருளே இங்கு உயர்ந்த பொருளாகிவிடுகிறது! இராஜஸ்தானத்தின் பிகானீர்ப் பகுதியில் வளரும் சோக்லா, மக்ரா முதலிய செம்மறியாடுகளின் உரோமம் இவ்வகையில் மதிக்கப்படுகிறது. அந்த மாநிலத்தின் அவிகாநகரில் 1962-இல் நிறுவப்பட்ட மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையம் இத்தகைய இனங்களின் மேம்பாட்டில் ஈடுபட்டு வருகிறது. உத்தரப் பிரதேசத்தின் பதோகி, மிர்ஸாபூர் வட்டாரங்களின் தறிகளில் பிகானீர் உரோமத்துடன் நியூசிலாந்து உரோமத்தைக் கலந்து நூற்பதும் வழக்கம்.

புதிய கம்பளிக் கம்பளம் முதற் சில மாதங்களில் உதிர்க்கும் பஞ்சைக் கண்டு சிலர் ஏமாந்துவிட்டதாக எண்ணுகின்றனர். நூற்பின்போது பிடிப்பில்லாமல் நின்ற குறு இழைகளே அவ்வாறு வெளிவருகின்றன. நாளடைவில் அது தணிந்துவிடும்.

செயற்கை இழைகளைப் பொதுவாகத் தாழ்வாகக் கருதுவதும் முறையன்று. தேய்மானத்தைத் தாங்குவதில் நைலானுக்கு நிகராக எந்த இயற்கை இழையும் இல்லை. படிக்கட்டுகளிலும், ஓயாது ஆள் நடமாடும் வழிகளிலும் அது கம்பளியைக் காட்டிலும் நெடுநாள் உழைக்கும். பாலியெஸ்டரின் நிறங்கள் பிரகாசமானவை, கைக்கு மென்மையானது, ஆனால் மிதிபட்ட இடம் நைலானைவிட விரைவில் படியும். பாலிபுரோப்பிலீனில் இக்குறை இன்னும் அதிகம்: கனத்த கட்டிலின் கால் அழுந்திய பள்ளம் அதில் நிரந்தரமாகிவிடும். ஆனால் அவ்விழையில் சாயம் பற்றுவதற்கான இடமே இல்லையாதலால், உருகிய நிலையிலேயே வண்ணப்பொடியைக் கலந்துவிடுகின்றனர். அதனால் எத்தனை முறை கழுவினும் நிறம் போவதில்லை. நீரை ஏற்காமையால் மழைச்சாரல் படும் தாழ்வாரத்திற்கும் ஏற்றது. வெயில் ஒன்றே அதன் பகை. காப்புப் பொருள் சேர்க்கப்படாத பாலிபுரோப்பிலீன் சூரிய ஒளியில் நாளடைவில் நொறுங்கித் தூளாகும். அத்தூள் மட்காத நுண்பிளாஸ்டிக் என்பதையும் மறத்தலாகாது.

நிலைமின்சாரமும் ஈரத்தோடு தொடர்புடையதே. டெல்லியிலோ பஞ்சாபிலோ வறண்ட குளிர்நாளில் நைலான் விரிப்பின்மேல் நடந்து சென்று கதவின் உலோகப் பிடியைத் தொடுபவர் ‘சுரீர்’ என்ற அதிர்ச்சியை உணர்வார். ஈரமற்ற இழை மின்னூட்டத்தை வழிந்தோட விடாமையே இதற்குக் காரணம். சென்னையிலும் கொச்சியிலும் காற்றே ஈரமானதாகையால் இத்தொல்லை அரிது.

நெருப்பு, கறை, பூச்சி

நம் நாட்டு இல்லங்களில் விளக்கு, ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள், கற்பூரத் தட்டு ஆகியவை தரையருகே எரிவது அன்றாட நிகழ்ச்சி. ஆகவே நெருப்பைப் பற்றிய செய்தி மேல்நாட்டவரைவிட நமக்கு முக்கியமானது. ஆட்டு உரோமம் ஏறத்தாழ 570 பாகை செல்சியஸுக்கு மேலேதான் தீப்பற்றும். பொறி விழுந்த இடம் கருகி, உலர்ந்த கரியாக நின்று, பெரும்பாலும் தானே அணைந்துவிடும். அக்கரியைச் சுரண்டி எடுத்தால் வடுவும் அதிகம் தெரியாது. பாலிபுரோப்பிலீன் சுமார் 165 பாகையிலும், நைலான் அதன் வகைக்கேற்ப 220 முதல் 260 பாகையிலும், பாலியெஸ்டர் 255 பாகையை ஒட்டியும் உருகுகின்றன. ஊதுவத்தியின் கனன்ற முனை இவ்வெப்பநிலைகளை எளிதில் மிஞ்சுவது. ஆதலின் செயற்கைக் கம்பளத்தில் துளை விழுவது உறுதி. அதனினும் கொடியது, உருகிய பிளாஸ்டிக் தோலில் ஒட்டிக்கொள்வது. கம்பளி கருகும் இடத்தில் கையை இழுத்துக்கொள்ளலாம், உருகிய துளியை உதற முடியாது. எனினும் கம்பளி எரியவே எரியாது என எண்ணிவிடலாகாது. பெருந்தீயில் அதுவும் எரியும். அதன் புகையிலும் நச்சு உண்டு. பூசையறையில் எவ்விரிப்பும் இல்லாமலிருப்பதே நன்று என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

கறைகளில் மஞ்சளே நமக்குத் தலையாய எதிரி. மஞ்சளிலுள்ள குர்க்குமின் என்னும் பொருள், உரோமம், பட்டு, பருத்தி ஆகியவற்றைச் சாயம்போலவே பற்றுகிறது, நைலானையும் விடுவதில்லை. சாம்பார் சிந்திய இடத்தில் உடனே சோப்பைத் தேய்ப்பது பலர் செய்யும் பிழை. சோப்பின் காரத்தால் மஞ்சள் சிவப்பாக மாறுவதுடன், கம்பளியின் புரதமும் பழுதுறும். வெறுந்துணியால் ஒற்றியெடுத்து, குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் மீண்டும் ஒற்றி, பின்னர் அவ்விடத்தைச் சில மணி நேரம் வெயிலில் காட்டினால், ஒளிபட்டு மஞ்சள் கறை பெருமளவு வெளுக்கும். கம்பளியைக் கழுவப் பூந்திக்கொட்டை நீரைப் பயன்படுத்திய நம் முன்னோர் வழக்கம் இரசாயன நோக்கிலும் சரியானதே, அது காரமற்றது. பாலியெஸ்டர், பாலிபுரோப்பிலீன் கம்பளங்களில் நீர்க்கறை எளிதில் நீங்கும். ஆனால் நெய், தலையெண்ணெய் போன்றவை அவ்விழைகளுடன் ஒட்டுறவு கொண்டு, அழுக்கையும் சேர்த்துக்கொள்கின்றன. கறை ஒட்டாதிருக்கப் பூசப்பட்ட ஃபுளோரின் சேர்மங்கள் சிலவற்றைப் பற்றியும் ஒரு சொல்: இவ்வினத்தைச் சேர்ந்த ஒரு முக்கியப் பொருள், எளிதில் சிதையாமல் உயிரினங்களின் உடலில் சேர்வதனால் 2009-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ‘கறை ஒட்டாதது’ என்ற விளம்பரத்தைக் கண்டால் எதனைப் பூசியுள்ளனர் என்று கேட்பது தவறாகாது.

அந்துப்பூச்சியின் புழுவும் கம்பள வண்டின் புழுவும் கெரட்டினைச் சீரணிக்க வல்ல சில உயிர்களைச் சேர்ந்தவை. இருளும் அமைதியும் உள்ள இடமே அவற்றிற்கு உகந்தது. எனவே கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னும் கிடக்கும் பகுதியே முதலில் அரிக்கப்படும். செயற்கை இழையை அவை உண்பதில்லை. கம்பளி வைத்திருப்போர் மாதம் ஒருமுறையேனும் அதைப் புரட்டி, பின்புறத்தையும் தூசி உறிஞ்சியால் சுத்தம் செய்தால் போதும். அந்துருண்டையாக வைக்கும் நாப்தலீன் சில குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கக்கூடியது. ஆதலின் கைக்குழந்தை உள்ள வீட்டில் அதனைத் தவிர்க்க வேண்டும்.

ஆஸ்துமாவைத் தூண்டும் தூசிச் சிற்றுண்ணியைப் பொறுத்தவரை, இயற்கை, செயற்கை என்ற வேறுபாடு பெரிதன்று. அது உண்பது இழையை அன்று, நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகள்களை. அதற்கு வேண்டியது ஈரம். ஆண்டின் பெரும்பகுதி காற்று ஈரமாகவே உள்ள கடற்கரை நகரங்களில், எந்த இழையாலாகிய தடித்த கம்பளமும் அதற்கு நல்ல புகலிடம். தூசியினால் மூச்சுத்திணறல் உறும் குழந்தை என்று மருத்துவர் கூறியிருப்பின், படுக்கையறையில் கம்பளமே வேண்டாம். ‘ஒவ்வாமை தராத கம்பளம்’ என்ற சொல்லை நம்பிப் பணம் செலவிடுவதைக் காட்டிலும், துவைத்து வெயிலில் உலர்த்தக்கூடிய பருத்தி ஜமக்காளம் விரிப்பதே அறிவுடைமை.

கம்பளத்தின் மறுபுறம்

மேற்புறத்தை மட்டும் பார்த்து வாங்குதல் பாதி நூலைப் படித்தலை ஒக்கும். கையால் முடிச்சிட்ட கம்பளத்தைத் திருப்பினால், முன்புறத்தின் பூவேலை பின்புறத்திலும் முடிச்சு முடிச்சாகத் தெளிவுறத் தெரியும். மற்றொரு வகையில், துப்பாக்கி போன்ற கருவியால் ஒரு துணியில் நூலைக் குத்திச் செருகி, அது கழன்றுவிடாதிருக்க லேடெக்ஸ் பசையைப் பூசி, அதன்மேல் இன்னொரு துணியை ஒட்டிவிடுகின்றனர். இதன் பின்புறத்தில் பூவேலை தெரியாது; வெறுந்துணியே தெரியும். மேலே நூற்றுக்கு நூறு கம்பளி என்றிருப்பினும், கீழே ஒட்டியிருப்பது பெரும்பாலும் செயற்கை ரப்பர்ப் பசை. நம் நாட்டு வெப்பத்தில் அது சில ஆண்டுகளில் காய்ந்து, வெண்பொடியாக உதிரத் தொடங்கும். இதனை விற்பது குற்றமன்று. முடிச்சுக் கம்பளத்தின் விலைக்கு விற்பதே குற்றம்.

இப்பின்புறத் துணியில் நம் நாட்டின் பொருளாதார வரலாறு ஒன்றும் அடங்கியுள்ளது. 1960-களில் அமெரிக்காவில் இயந்திரக் கம்பளங்கள் பெருகியபோது, அவற்றின் அடித்துணியாகக் கல்கத்தா ஆலைகளின் சணல் துணி பெருமளவில் ஏற்றுமதியாயிற்று. 1970-களில் பாலிபுரோப்பிலீன் நாடாக்களால் நெய்த துணி அவ்விடத்தைக் கைப்பற்றியது. அது ஈரத்தில் உளுப்பதில்லை; அகலமாகவும் ஒரே சீராகவும் கிடைத்தது; விலையும் நிலையாக இருந்தது. வங்காளத்தின் சணல் பயிரிடுவோரும் ஆலைத் தொழிலாளரும் இழந்த அச்சந்தை மீண்டும் அவ்வளவில் கிட்டவில்லை. இழைகளின் போட்டி ஆராய்ச்சிசாலையோடு நின்றுவிடுவதன்று.

சணலை மேல்விரிப்பாகப் பயன்படுத்துவோர் அது ஒளியில் மஞ்சளிப்பதையும், நீர்பட்டால் வலுவிழப்பதையும் அறிந்து, உலர்ந்த அறையில் மட்டுமே விரிக்க வேண்டும். தென்னை நார் அவ்வாறன்று. லிக்னின் என்னும் பொருள் மிகுந்திருப்பதால் அது அழுகலை நன்கு எதிர்க்கும். 1859-இல் ஆலப்புழையில் ஜேம்ஸ் டாரா தொடங்கிய தொழிற்சாலை முதலாக, வாசற்படிக்குரிய விரிப்பாக அது உலகெங்கும் சென்றது. எத்தகைய கம்பளம் வாங்கினாலும், வாசலில் ஒரு தென்னைநார்க் கால்மிதி இடுதல் அதன் ஆயுளைக் கூட்டும். இழையை அறுப்பது காலன்று. காலில் ஒட்டிவரும் மணலே.

பட்டு என்று விற்கப்படுவது

இக்காலத்தில் வாங்குவோர் மிகுதியாக ஏமாறும் இடம் இதுவே. ‘மூங்கில் பட்டு’, ‘வாழைப் பட்டு’, ‘ஆர்ட் சில்க்’ என்னும் பெயர்களில் வரும் பளபளப்பான கம்பளங்களில் பட்டுப்பூச்சிக்கு யாதொரு பங்கும் இல்லை. அவற்றுட் பெரும்பாலானவை மரக்கூழையோ மூங்கிற் கூழையோ இரசாயன முறையில் கரைத்து மீண்டும் இழையாக்கிய விஸ்கோஸ் ரேயான். மூலம் தாவரமாயினும் இழை ஆலையில் பிறந்தது. ஆகவே இயற்கை என்றோ செயற்கை என்றோ கடைக்காரர் தமக்கு வேண்டியவாறு கூறிவிடுகிறார். பார்வைக்கு அழகியது என்பதில் ஐயமில்லை. ஆனால் நனைந்த விஸ்கோஸ் தன் வலுவில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும். ஒரு குவளை நீர் சிந்திய இடத்திலேயே இழைகள் படிந்து, உலர்ந்தபின் மஞ்சள் வளையம் நின்றுவிடும். அதைத் தேய்த்தால் இழையே பிய்ந்து வரும்.

உண்மையை அறிய ஆராய்ச்சிசாலைக்குச் செல்ல வேண்டுவதில்லை. கடைக்காரர் இசைவுடன் கம்பளத்தின் மேலெழுந்து நிற்கும் பகுதியிலிருந்து சில இழைகளை எடுத்துக்கொள்க. ஓரக் குஞ்சத்திலிருந்து எடுத்தல் கூடாது. உயர்ந்த கம்பளி, பட்டுக் கம்பளங்களிலும் குஞ்சம் பலவேளை பருத்தியாகவே இருக்கும். இழைகளை இடுக்கியால் பிடித்து, ஒரு பீங்கான் தட்டின்மேல், தீக்குச்சியின் சுடரில் காட்டினால், கம்பளியும் பட்டும் மயிர் கருகும் நாற்றத்துடன் சுருங்கி, விரலால் நசுக்கினால் தூளாகும் கருஞ்சாம்பலைத் தரும். விஸ்கோஸும் பருத்தியும் காகிதம் எரியும் மணத்துடன் விரைவாக எரிந்து, சிறிதளவு மென்சாம்பல் விடும். செயற்கை இழைகள் உருகிச் சுருண்டு, ஆறியபின் நசுங்காத கடினமான மணியாகும்.

நெருப்பின்றியும் ஒரு சோதனை உண்டு. சோப்புக் கரைசல் ஒரு துளி சேர்த்த நீரில் இழையை அமிழ்த்தி, காற்றுக் குமிழ்கள் நீங்குமாறு பிழிந்துவிட்டால், பாலிபுரோப்பிலீன் மட்டும் மேலே மிதக்கும். அதன் ஒப்படர்த்தி 0.91, கம்பளி 1.31, நைலான் 1.14, பாலியெஸ்டர் 1.38 ஆகையால் அவையெல்லாம் மூழ்கும். கலப்பு நூலைக் கண்டறிய, கண்ணாடிக் குவளையில் சலவைக்குரிய சோடியம் ஹைப்போகுளோரைட்டுக் கரைசலில் சில இழைகளை இட்டுக் காற்றோட்டமான இடத்தில் வைத்தால், கம்பளியும் பட்டும் நுரைத்துக் கரைந்துபோகும். கரையாது எஞ்சுவது கலப்படம். இதே காரணத்தால், அக்கரைசலைக் கம்பளிக் கம்பளத்தின் கறை நீக்க ஒருபோதும் பயன்படுத்தலாகாது என்பதும் விளங்கும்.

காஷ்மீரக் கைமுடிச்சுக் கம்பளங்களுக்குப் புவிசார் குறியீடு உண்டு; 2022 முதல், கைப்பேசியால் படிக்கக்கூடிய குறிச்சீட்டும் அவற்றிற்கு வழங்கப்படுகிறது. தறியில் குழந்தைகளின் உழைப்பு இல்லை என்பதை நாடுவோர், 1994-இல் ரக்மார்க் என்னும் பெயரில் தொடங்கி 2009 முதல் குட்வீவ் என வழங்கும் முத்திரையைத் தேடலாம். எவ்வாறாயினும், ‘பட்டுக் கம்பளம்’ என்று மட்டும் எழுதிய ரசீதை ஏற்காமல், இழையின் பெயரையும் விகிதத்தையும் எழுதித் தருமாறு கேட்டல் வேண்டும். எழுத மறுக்கும் கடையில் வாங்காதிருப்பதே நலம்.

இனி, எதைத் தெரிந்தெடுப்பது? குளிர் மிக்க வடபுலத்தில் பல ஆண்டுகள் ஒரே இல்லத்தில் வாழ்வோர்க்கு, கூடத்தில் இட ஒரு கைமுடிச்சுக் கம்பளிக் கம்பளம் விலைக்குத் தகுந்த பொருள். இரு தலைமுறைக்கும் உழைக்கும். அடிக்கடி வீடு மாறுவோரும், சிறு குழந்தைகள் உணவைச் சிந்தும் இல்லத்தாரும் பாலிபுரோப்பிலீன் விரிப்பு வாங்குவதில் இழிவு ஒன்றுமில்லை. அடுப்பும் விளக்கும் அருகில் இல்லாதிருந்தாற் போதும். கடற்கரை ஊர்களில் சுவருக்குச் சுவர் ஒட்டிய கம்பளம் எந்த இழையாயினும் தகாது. அங்கெல்லாம் எளிதில் சுருட்டி வெயிலில் போடத்தக்க விரிப்பே உகந்தது. பவானி ஜமக்காளமும் கோரைப்பாயும் அவ்வட்டாரங்களின் தட்பவெப்பம் அறிந்து தோன்றியவை. பவானியிலும் தடித்த பருத்தி நூலால் நெய்வது, செயற்கைப் பட்டு நூலால் நெய்வது என இருவகை உண்டாகையால், நீரில் துவைக்க விரும்புவோர் பருத்தியையே கேட்டு வாங்க வேண்டும்.

முற்றிலும் நனைந்துவிட்ட கம்பளத்தை மடித்து வைத்தலாகாது. இரண்டு நாட்களுக்குள் உலராவிடில் பூஞ்சணம் பிடித்துவிடும். நீரைப் பிழிந்து வெளியேற்றி, இருபுறமும் காற்றுப்படுமாறு கிடைமட்டமாக உயர்த்தி வைத்து, மின்விசிறியின் கீழ் உலர்த்துக. மழைக்காலத்தில் எடுத்து வைக்க நேரின், இழைகள் படிந்துள்ள திசையிலேயே சுருட்டி, பிளாஸ்டிக் உறையில் அன்றிப் பருத்தித் துணியில் பொதிந்து, தரையில் படாமல் பலகைமேல் வைத்தல் வேண்டும்.